முடிஞ்சிருச்சுன்னு சொல்லு

அந்தப் புஸ்தகத்தை மூடி வையுங்க.

கோவிச்சுக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பாக்கறது மரியாத இல்லைதான். ஆனா கோபி பஸ் ஸ்டாண்டுல இருந்து பாத்துட்டே வர்றேன், ஒரே பக்கத்துல உக்காந்திருக்கறீங்க. ஐ கோ, ஐ வென்ட், ஐ ஹேவ் கான். உதடு மட்டும் அசையுது, சத்தம் வர மாட்டேங்குது. நம்ம வயசுதான் இருக்கும் உங்களுக்கும். இந்த வயசுல யாருங்க உங்களுக்கு இந்தக் கெரகத்தை மாட்டி உட்டது?

அப்படீங்களா. சம்பந்தி ஐதராபாத்தா. புள்ளையே பாத்துக்கிச்சா? அது உங்க ஊட்டு விசயம், நான் கேக்கலை. அவிய தெலுங்கு, நீங்க தமிழு, எடையில இங்கிலீஷு. செரி, இப்ப எடையில நின்னு யாரு பேசறது? மகளா? அப்ப ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா உங்க மக எத்தனை வார்த்தை சொல்லுதுன்னு கவனிங்க. ரெண்டுக்கு ரெண்டு வந்தா செரி. ரெண்டுக்கு இருபது வந்தா, மிச்சம் எங்கிருந்து வந்துச்சுன்னு அங்கயே கேட்டுருங்க. நான் கேக்காம உட்டேன். அதனாலதான் கார்ல போயிட்டிருந்தவன் இன்னைக்கு உங்ககூட பஸ்ஸுல உக்காந்திருக்கறேன்.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஓனர். ஓனருங்க. சட்டையப் பாத்துட்டு வாட்ச்மேன்னு நெனச்சுக்காதீங்க.

எனக்கு ஒரே ஒரு பையர், சரக்கு வாங்கறவன். டென்மார்க்காரன். ஹென்ரிக்குன்னு பேரு. பச்சப் புள்ளைங்க போடற ராத்திரி டிரஸ், நெஞ்சுல திமிங்கலம் படம் போட்டது, அதுதான் அந்தாளு ஆர்டரு. திமிங்கலத்தை நம்மூர்ல எவன் பாத்தான்? ஆனா அந்தத் திமிங்கலந்தான் எனக்குச் சோறு போட்டுச்சு. ஒரே பையரை நம்பிக் கம்பெனி நடத்தாதேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரே பொண்டாட்டிய நம்பித்தான குடும்பம் நடத்தறோம்னு நான் சொன்னேன். செரிதானுங்களே?

அந்தாளுகிட்டப் பேசறதுக்கு எடையில ஒருத்தன். மோகன்குமார். என்ற மச்சினன், சாந்தாமணி கூடப் பொறந்தவன். சாந்தாமணி எங்கூட்டுக்காரி. அவன் நல்லாப் படிச்சவன், பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில பையர்கிட்டப் பேசிப் பேசிப் பழகுனவன். அக்கா கூப்புட்டான்னு நம்ம கம்பெனிக்கு வந்து உக்காந்தான். வாய் தொறந்தா மாமா, மூடுனா மாமா. 'சொல்லுங்க மாமா, செரிங்க மாமா, நான் பாத்துக்கறேன் மாமா.' அப்படிப் பேசறவனைத்தான் நாம மொதல்ல சந்தேகப்படோணும். நான் கடைசியாப் பட்டேன்.

எப்படின்னா, ஹென்ரிக்கு வந்து உக்காருவான். எளநி வெட்டிக் குடுப்போம். 'ஆர்டரு எந்த அளவுல இருக்குது?'ன்னு கேப்பான், மச்சினன் என்ற பக்கம் திரும்புவான். நான் ஒரே வார்த்தையில 'முடிஞ்சிருச்சுன்னு சொல்லு'ம்பேன். அவ்வளவுதான். ஒரே வார்த்தை. மச்சினன் அந்தப் பக்கம் திரும்பி ஆரம்பிப்பான் பாருங்க! பேசறான், பேசறான், கையால மேல காட்டறான், கீழ காட்டறான், வெரல மடக்கறான். அந்தாளு தலைய ஆட்டறான். எல்லாத்துக்கும் கடைசியில ரெண்டு பேரும் எந்திரிச்சுப் போயி செவுத்துல மாட்டியிருக்கற காலண்டரைப் பாக்கறாங்க!

நீங்களே சொல்லுங்க. முடிஞ்சதுக்கு எதுக்குங்க காலண்டரு?

நீங்க எந்தத் தொழிலு? ஓ, போர்வெல் மோட்டாரு ரிப்பேரா. அப்பத் திருப்பூர்ப் பேச்சு உங்களுக்குச் சொல்லித்தான் ஆகோணும். எங்கூர்ல 'துணி ஓடிட்டிருக்குது'ன்னு சொன்னா நூலு இன்னும் வாங்கலைன்னு அர்த்தம். 'முடிஞ்சிருச்சு'ன்னு சொன்னா இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கறோம்னு அர்த்தம். 'வண்டி கெளம்பிருச்சு'ன்னா டிரைவர் சாப்படப் போயிருக்கறான். 'நாளைக்கு'ன்னா நாளைக்கு இல்லை, அது ஒரு மரியாதைக்குச் சொல்றது. இது பொய் இல்லீங்க. பொய்யின்னா கேக்கறவன் ஏமாறோணும். எங்கூர்ல யாரும் ஏமாற மாட்டாங்க. துணிக்குச் சாயம் போடற டையிங்காரன் எனக்கு முடிஞ்சிருச்சும்பான், நான் பிரிண்டிங்காரனுக்கு முடிஞ்சிருச்சும்பேன், அவன் இன்னொருத்தனுக்குச் சொல்லுவான், அத்தனை பேரும் நிம்மதியாத் தூங்குவோம். 'இன்னும் ஆரம்பிக்கவே இல்லை'ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றதுக்கு நாமென்ன நாகரிகம் தெரியாதவிகளா?

இந்த நாகரிகத்தை மச்சினன் இங்கிலீஷுல என்னவா மாத்திச் சொல்றான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு மட்டும் தெரியும். காலண்டர்ல அவிய எந்தத் தேதியில வட்டம் போட்டாங்களோ, கரெக்டா அந்தத் தேதிக்குத்தான் எங்க சரக்கு கெளம்பும். எப்படிங்க அது? ஓனரு நான் ஒரு தேதி சொல்லலை. இவனா ஒரு தேதியச் சொல்லி, இவனா டையிங்குல போயி நின்னு, இவனா அனுப்பி வெக்கறான்னா, கம்பெனி யாரோடதுங்க?

இன்னொண்ணு கேளுங்க. ஒரு தடவ வெலை பேசறப்ப எனக்கு ஆத்தரம் வந்துருச்சு. 'இந்த வெலைக்கு அந்தாளு ஊர்ல கோமணம்கூட கெடைக்காதுன்னு சொல்லு'ன்னேன். மச்சினன் ஒரு முழுங்குத் தண்ணி குடிச்சான். குடிச்சுட்டு மெதுவா ஆரம்பிச்சான். டீ ஆறிப் போச்சு, அவன் பேச்சு முடியலை. ஹென்ரிக்கு கேட்டுட்டே இருந்தவன் நெஞ்சுல கைய வெச்சான். எந்திரிச்சு வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான். கண்ணு கலங்கியிருக்குதுங்க அந்தாளுக்கு!

கோமணம்னு திட்டுனவனுக்கு எவனாச்சும் கண்ணு கலங்கிக் கை குடுப்பானா? அன்னைக்கு எனக்குப் பொறி தட்டிருச்சு. 'என்னடா சொன்ன?'ன்னு கேட்டேன். 'நீங்க சொன்னதைத்தான் மாமா சொன்னேன். கொஞ்சம் பக்குவமாச் சொன்னேன்'ங்கறான். பக்குவம்! என்ற கோமணத்தை எங்கடா கொண்டு போயி ஒளிச்சேன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வெலையும் கொஞ்சம் ஏத்திக் குடுத்தான் அந்தாளு, அது வேற விசயம். நான் சொன்னதைச் சொல்லாம ஏத்தி வாங்குன வெலை எனக்கு எதுக்குங்க?

ஊட்ல போயிச் சொன்னா சாந்தாமணி கரண்டியோட வந்து நிக்கறா. 'உங்க வாய் செரியில்லைன்னுதான் அவன் வாய வெச்சு நம்ம பொழப்பு ஓடுது. அதுலயும் கையைக் கால விட்டுக் கெடுத்துப் போட்டுறாதீங்க'ங்கறா. தம்பின்னா எந்தப் பொம்பளைக்கும் கண்ணு தெரியாது. நான் பேச்சை உட்டுட்டேன். மனசுக்குள்ள ஒரு முடிவு எடுத்துட்டேன். எடையில ஆளே வேண்டாம், நானே பேசிக்கறேன்.

ஜன்னலை ஏத்தி உடுங்க, தூசி வருது. ஆமாங்க, அதை மேல தூக்கி அமுத்தோணும். ம்.

டாக்டரு நடக்கச் சொன்னாருன்னு ஊட்ல சொல்லிட்டு, சாயங்காலம் சாயங்காலம் கேன்வாஸ் செருப்பை மாட்டிக்கிட்டு இங்கிலீஷ் கிளாசுக்குப் போனேன். செல்போன் கடைக்கு மேல மாடியில நடக்குது. டீச்சரு எஸ்தர் மிஸ், தூத்துக்குடிப் பக்கத்துப் புள்ளை. படிக்க வந்தது பூராவும் வெளிநாட்டுக்கு நர்ஸு வேலைக்குப் போற புள்ளைங்க. நான் போயி நின்னதும் அத்தனையும் எந்திரிச்சு குட் ஈவினிங் சொல்லுச்சுங்க. நான்தான் புது வாத்தியாருன்னு நெனச்சிருக்குதுங்க. கடைசி பெஞ்சுல போயி உக்காந்தப்பறம் ஒண்ணொண்ணாத் திரும்பிப் பாத்து இளிச்சுதுங்க. நல்ல புள்ளைங்கதான், சும்மா சொல்லக் கூடாது.

செவுத்துல ஒரு சார்ட்டு. பன்னெண்டு டென்ஸுக்குப் பன்னெண்டு கட்டம். உங்க புஸ்தகத்துலயும் அதே கட்டந்தான் இருக்குது, பாத்தேன். இதுல மொத வரிசையில ரெண்டாவது கட்டம் இருக்குதில்லீங்க, நடந்துக்கிட்டே இருக்கறது, அது எனக்கு ஒரே நாள்ல வந்துருச்சு. ஐ ஆம் கோயிங், ஐ ஆம் டூயிங், இட் ஈஸ் ரன்னிங். அட, இது நம்ம திருப்பூர்க்காரன் கண்டுபுடிச்சதாச்சேன்னு தோணுச்சு. மிஸ்ஸே அசந்து போச்சு. அப்பறம் பாஸ்ட் டென்ஸு வந்துச்சு, அங்க வண்டி நின்னுருச்சு.

மிஸ் என்னைய எழுப்பி, 'நேத்து என்ன செஞ்சீங்க, சொல்லுங்க அங்கிள்'னுச்சு. நான், 'யெஸ்டர்டே ஐ ஆம் கோயிங் கம்பெனி'ன்னேன். 'அங்கிள், நேத்து முடிஞ்சு போச்சு. நேத்தைக்கு நீங்க இன்னும் போயிட்டிருக்க முடியாது'ங்குது. 'ஏன் முடியாதுங்க மிஸ்? எங்க கம்பெனியில போன வருச ஆர்டரே இன்னும் போயிட்டுத்தான் இருக்குது'ன்னேன். புள்ளைங்க பெஞ்சுல தலைய வெச்சுச் சிரிக்குதுங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லலைங்க. உள்ளதைச் சொன்னேன்.

இன்னைக்கு வரைக்கும் அந்த பாஸ்ட் டென்ஸு எனக்கு வராது. அதை விடுங்க.

ஆனா அந்த 'ஹேவ்' போடறது இருக்குது பாருங்க, ஐ ஹேவ் டன், ஐ ஹேவ் பினிஷ்டு. அதைக் கேட்டதும் எனக்கு ஒடம்பே சிலிர்த்துப் போச்சு. மிஸ் ஒரு பேனாவை எடுத்து மூடியப் போட்டு மூடிக் காட்டுச்சு. 'ஐ ஹேவ் குளோஸ்டு த பென். மூடியாச்சு. பாருங்க, மூடியிருக்குது. கண்ணால பாக்கலாம்'னுச்சு. நான் எந்திரிச்சு ஒரு சந்தேகம் கேட்டேன். 'மிஸ், இன்னும் மூடலை, ஆனா மூடிறோணும்னு மனசுல நல்ல எண்ணம் இருக்குது. அப்பவும் இதைச் சொல்லலாமுங்களா?'

அந்தப் புள்ளை பேனா மூடியத் திரும்பக் கழட்டுச்சு. 'அது ஃப்யூச்சர் டென்ஸ் அங்கிள். ஐ வில் குளோஸ்'னு சொல்லுச்சு. 'அது வேண்டாமுங்க மிஸ். வில்லுன்னு சொன்னா கடன் கேக்க வந்தவன் பேசற மாதிரி இருக்குது. ஹேவுன்னு சொன்னாத்தான் ஓனர் பேசற மாதிரி கெத்தா இருக்குது'ன்னேன். 'ஆனா அங்கிள், ஹேவ் போட்டா கேக்கறவங்க நம்பிருவாங்க'ன்னுச்சு. எனக்கு வேணுங்கறதும் அதுதானேன்னு நெனச்சுக்கிட்டேன். சின்னப் புள்ளைதானே, யாவாரம் அதுக்கு எப்படித் தெரியும்?

அந்த சீசனுக்கு ஹென்ரிக்கு வர்ற நாள் வந்துச்சு. திமிங்கலம் ஆர்டரு. துணி பெருந்துறையில டையிங்குல கெடக்குது. நான் காலையில மச்சினனைக் கூப்புட்டு, 'மாப்ள, நீயே நேர்ல போயி நின்னு துணிய வாங்கிட்டு வந்துரு'ன்னேன். 'இன்னைக்கு ஹென்ரிக் வர்றாருங்களே மாமா'ங்கறான். 'நான் பாத்துக்கறேன் போ'ன்னேன். அவன் என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான். வண்டிச் சாவிய எடுத்துட்டு வாசல் வரைக்கும் போனவன், திரும்பி வந்து, 'மாமா, அவரு எப்ப முடியும்னு கேட்டா நான் வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லிக் கையக் காட்டுங்க. அதுக்கு மட்டும் பதில் சொல்லிறாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போறான்.

எப்படி இருக்குது பாருங்க! என்ற கம்பெனியில, என்ற நாற்காலியில உக்காந்துக்கிட்டு, என்ற பையருக்கு நான் பதில் சொல்லக் கூடாதாம். கையைக் காட்டோணுமாம், ஊமையன் மாதிரி. அப்பவே எனக்கு உறுதியாயிருச்சு, இவன் எதையோ மறைக்கறான்னு.

ஹென்ரிக்கு வந்தான். மச்சினனைத் தேடுனான். 'ஹி ஹேஸ் கான் டு பெருந்துறை'ன்னேன். அந்தாளு அசந்து போயிட்டான். அட, நீ பேசுவியான்னு மூஞ்சி பூராச் சிரிப்பு. எளநி குடுத்தேன். வழக்கம் போலக் கேட்டான், ஆர்டரு எந்த அளவுல இருக்குதுன்னு. எனக்கு அப்படியே புரிஞ்சுது, ஒவ்வொரு வார்த்தையும். சட்டைய இழுத்து உட்டுக்கிட்டு, சார்ட்டுல இருக்கற மாதிரி, ஒரு தப்பு இல்லாமச் சொன்னேன்: 'ஆல் பீசஸ் ஹேவ் பின் பினிஷ்டு.'

எல்லாப் பீசும் முடிஞ்சிருச்சு. இத்தனை வருசமா நான் தமிழ்ல சொன்ன அதே வார்த்தை. ஒண்ணு கூட்டலை, ஒண்ணு கொறைக்கலை.

அந்தாளு எளநியக் கீழ வெச்சுட்டான். 'பினிஷ்டு? ஆல்?'ன்னான். 'ஆல்'னேன். எந்திரிச்சு வந்து கட்டிப் புடிச்சுட்டானுங்க. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. இதுநாள் வரைக்கும் மச்சினனைத்தான் தோள்ல தட்டுவான். அன்னைக்கு என்னையக் கட்டிப் புடிச்சான். என்ற வாயால பேசி என்ற பையரை நான் சந்தோசப்படுத்துனேன். அந்த ஒரு நிமிசம் போதுமுங்க எனக்கு.

கட்டிப் புடிச்சவன் சும்மா இருந்திருக்கோணுமில்ல? போனை எடுத்தான். அவன் ஊருக்குப் போட்டான். கடைக்கு வெளம்பரம் போடச் சொல்றான், சரக்கை முன்னாலயே அனுப்பறோம்ங்கறான், அங்க இன்னொருத்தன் சிரிக்கற சத்தம் கேக்குது. நம்மூர்க்காரனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? முடிஞ்சிருச்சுன்னு சொன்னதும், 'அப்ப செரிங்க, அடுத்த வாரம் வந்து பாக்கறேன்'னு கெளம்பியிருப்பான். பழக்கவழக்கம் தெரியாத மனுசனுங்க. ஒரு வார்த்தை சொன்னா அதை அப்படியே புடிச்சுக்கறதா?

போனை வெச்சுட்டு, 'ஷோ மீ'ங்கறான். பீசைக் காட்டுன்னு. நான் பதறலை. 'தே ஹேவ் பின் பேக்டு'ன்னேன், பெட்டியில கட்டியாச்சுன்னு. 'குட், ஷோ மீ த பாக்சஸ்'ங்கறான். 'தே ஹேவ் கான் டு தூத்துக்குடி'ன்னேன், துறைமுகத்துக்குப் போயிருச்சுன்னு. படிச்ச டென்ஸு ஒண்ணையும் வீணாக்கலை. அந்தாளு என்ற மூஞ்சியையே பாத்தான். அப்பறம் விறுவிறுன்னு தையல் செக்‌ஷனுக்குள்ள போறான். நான் பின்னால ஓடறேன், செருப்பு ஒண்ணு கழண்டு போச்சு.

அங்க மிசினெல்லாம் நிக்குது. பொம்பளைங்க பூக் கோத்துக்கிட்டுப் பேசிட்டு உக்காந்திருக்கறாங்க. துணி இருந்தால்ல தைப்பாங்க? செக்கிங்குல ஈஸ்வரின்னு ஒருத்தி, கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல இருந்து இருக்கறவ. ஹென்ரிக்கு சாம்பிள் பீசை அவகிட்டத் தூக்கிக் காட்டுறான், இது எங்கன்னு. அவ என்னையப் பாத்தா. நான் கண்ணு காட்டுனேன். அவ அந்தாளைப் பாத்தா. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டா.

அதுல எந்த டென்ஸுங்க இருக்குது? நான் அத்தனை சாயங்காலம் போயி உக்காந்து படிச்சது ஒரு பக்கம், படிக்காதவ கைய விரிச்சது ஒரு பக்கம். அந்தாளு அவளை நம்பறான்!

மச்சினன் வந்து சேர்றதுக்குள்ள அந்தாளு வாசல்ல நின்னுட்டான், உள்ள உக்கார மாட்டேன்னுட்டான். மச்சினன் வண்டிய நிறுத்தறதுக்குள்ள ஆரம்பிச்சான். கத்தலைங்க. கத்தியிருந்தாத் தேவலை. மூஞ்சி மட்டும் செகப்பா இருக்குது, சத்தம் எறங்கிப் போயிருக்குது. பேசறான், பேசறான், நிறுத்தவே மாட்டேங்குறான். என்னையப் பாக்காமயே கையை என்ற பக்கம் நீட்டி நீட்டிப் பேசறான். மச்சினன் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கறான். எனக்கு அங்கயும் இங்கயும் ஒண்ணு ரெண்டு வார்த்தை புடிபட்டுச்சு. 'நெவர்'ங்கறது திரும்பத் திரும்ப வந்துச்சு. அது பன்னெண்டு கட்டத்துலயும் வரும்னு எஸ்தர் மிஸ் சொல்லியிருக்குது, அதனால எதுல சொன்னான்னு எனக்குப் பிரிக்கத் தெரியலை.

அந்தாளு கார்ல ஏறிப் போயிட்டான். போறப்ப எனக்குக் கை குடுக்கலை.

'என்னடா சொன்னான்?'னு மச்சினனைக் கேட்டேன். அவன் வண்டிச் சாவியப் பாக்கெட்டுல போட்டான். அப்பறம், 'ஒண்ணுமில்லைங்க மாமா. உங்க இங்கிலீஷ் நல்லா இருக்குதுன்னாரு. உங்களை ஒடம்பைப் பாத்துக்கச் சொன்னாரு'ன்னான்.

பாத்தீங்களா? பாத்தீங்களா? அத்தனை நேரம் பேசுனதை ரெண்டே வரியில முடிச்சுட்டான்! நான் ரெண்டு சொன்னா அந்தப் பக்கம் இருபதாப் போவுது. அந்தப் பக்கம் இருபது சொன்னா எனக்கு ரெண்டா வருது. எடையில நின்னு எவ்வளவு முழுங்கியிருப்பான்! இத்தனை வருசமா எத்தனை முழுங்கியிருப்பான்! என்ற இங்கிலீஷ் நல்லா இருக்குதுன்னு அந்தாளு சொன்னதையாச்சும் சொன்னானேன்னு இருக்குது. பொறாமையில அதையும் முழுங்கியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்?

அப்பறம் என்ன. ஆர்டரு நின்னு போச்சு. வேற பையரைத் தேடுனேன், வந்துட்டிருக்குது, வந்துட்டிருக்குதுன்னு சொல்லிட்டிருந்தேன். ஒருத்தனும் வரலை. காரு போச்சு. பொம்பளைங்களை நிறுத்தியாச்சு. ஈஸ்வரி மட்டும் தெனமும் வந்து கூட்டிப் பெருக்கிட்டுப் போனா, யாரும் சொல்லாமயே. மச்சினன் அந்த ஹென்ரிக்கு பின்னாலயே அலைஞ்சு, என்ன சொன்னானோ, எப்படிக் கெஞ்சுனானோ, கடைசியில ஆர்டரு வாங்கிட்டான். ஆனா அவன் பேர்ல. அதுதான் அந்தாளு போட்ட கண்டிசனாம். யாரு கேட்டா? மச்சினன் சொல்றான், நாம நம்பிக்கோணும்.

அதே ஷெட்டு. அதே மிசினு. அதே பொம்பளைங்க. சாந்தாமணிதான் எல்லாத்தையும் அவன் பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போடச் சொன்னா. 'போட்டுட்டு மரியாதையா அவன் கூடவே இருங்க'ன்னா. போர்டுல இன்னும் என்ற பேருதான் இருக்குது, அவன் எடுக்கலை. ஏன் எடுக்கலைன்னு நெனைக்கறீங்க? நாளைக்கு ஏதாச்சும் கேசு கீசு வந்தா என்ற தலையில போவட்டும்னுதான். என்ற நாற்காலியில அவன் உக்கார்றதில்லை, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கிட்டு உக்கார்றான். வர்றவன் போறவனெல்லாம் ஆகா என்ன அடக்கம்னு பேசோணுமில்ல? எல்லாம் நடிப்புங்க.

எனக்கும் வேலை குடுத்திருக்கறான். ஃபாலோ அப். வெளியூர்ல தைக்கக் குடுத்த பீசெல்லாம் எந்த அளவுல இருக்குதுன்னு நேர்ல போயிப் பாத்துட்டு வர்றது. மத்த நாள்ல பக்கத்துலயே அனுப்புவான். ஹென்ரிக்கு வர்ற அன்னைக்கு மட்டும் கோபிக்கு அனுப்பறான். இன்னைக்கு அந்தாளு வந்திருக்கறான். காலையில, 'மாமா, கோபி வரைக்கும் போயி கழுத்துப் பட்டி பீசைப் பாத்துட்டு வந்துருங்க'ன்னான். ஒருத்தன் வரப் போறான்னு கூட இருந்தவனையே வெளியூருக்கு அனுப்பற குணம் இருக்குது பாருங்க, அது ஒரு மனுசனுக்கு வரவே கூடாதுங்க.

அது என்ற ஷெட்டுங்க. மேல தகரம் மாட்டுறப்ப நானே ஏறி நின்னு புடிச்சேன். போன வாரம் எஸ்தர் மிஸ்ஸை ரோட்டுல பாத்தேன். 'எப்படி இருக்கீங்க அங்கிள், பேசறீங்களா?'ன்னு கேட்டுச்சு. 'ஐ ஆம் த ஓனர்'னு சொல்லிட்டு வந்துட்டேன். ஐ வாஸ்னு சொல்லியிருக்கோணும், எனக்குத் தெரியும். அதான் சொன்னனே, பாஸ்ட் டென்ஸு எனக்கு வராதுன்னு. வாயில வர மாட்டேங்குது.

அட, இருங்க. போனு. அவன்தான். பேசாம இருங்க, நீங்களே கேளுங்க.

சொல்லு மாப்ள... ஆமா, பாத்தாச்சு... எல்லாப் பீசும் முடிஞ்சிருச்சு. பெட்டியில கட்டி வண்டியில ஏத்தியாச்சு. வண்டி கெளம்பிருச்சு மாப்ள, இந்நேரம் உங்கிட்ட வந்திருக்கோணுமே... நானா? நான் பெருமாநல்லூர் தாண்டிட்டேன்... ம்... ம்... செரி. செரி. வெச்சுடறேன்.

ஏனுங்க சிரிக்கறீங்க? பெருமாநல்லூருக்கு முன்னால இருக்கற குன்னத்தூரே இன்னும் வரலையா? அதுக்கென்ன, வரும்ல. கோபிக்காரன் முடிஞ்சிருச்சுங்கன்னான், நான் உள்ள போயிக்கூடப் பாக்கலை, ஒரு மனுசன் வாயால சொன்னப்பறம் போயித் தோண்டிப் பாக்கறது நல்லாவா இருக்கும்? அதை உடுங்க. மச்சினன் என்ன சொன்னான்னு கேட்டீங்களா? கேக்கலையா? நான் சொல்றேன். நான் வண்டி கெளம்பிருச்சுன்னு சொல்றேன். தெளிவாத் தமிழ்ல சொல்றேன், நீங்களே சாட்சி. அதுக்கு அவன், 'செரிங்க மாமா, அப்ப வெள்ளிக்கிழமைக்கு வரும்னு ஹென்ரிக்கிட்டச் சொல்லிடறேன். வெயில்ல பாத்து வாங்க'ங்கறான்!

பாத்தீங்களா அநியாயத்தை? இங்கிலீஷை மாத்துனான், செரி, எனக்குத் தெரியாத பாசைன்னு பொறுத்துக்கிட்டேன். இப்ப நான் பேசற தமிழையே மாத்தறானுங்க!